நீல நூல் கட்டிய குச்சி

பெய்ஜிங்
குரங்கு ஆண்டு, நான்காம் மாதம், ஐந்தாம் நாள்

குவோங் வீட்டு அம்மாளுக்கு,

நலம். அங்கும் நலம் என்று நினைக்கிறேன்.

எழுபத்தொரு நாள் பயணம் முடிந்து, கடிகாரம் அரண்மனைப் பட்டறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. படகில் ஒரு முறையும் மெய்லிங் கணவாயில் சுமைகூலிகளின் தோளில் இரண்டு முறையும் பெட்டி சாய்ந்தது. இருந்தும் நீல எனாமலில் ஒரு கீறல்கூட இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

நான் புறப்படுவதற்கு முன் பத்தொன்பது நாள் நீ என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. “உன் எஜமான்கிட்டச் சொல்லு, கஞ்சி ஆறுது” என்று நீ பூனையிடம் சொல்வாய். “உன் எஜமானிகிட்டச் சொல்லு, எனக்குப் பசியில்ல” என்று நானும் பூனையிடம் சொல்வேன். வடக்கே போக ஆள் கேட்டபோது உன்னைக் கேட்காமல் கை தூக்கியது தப்பா இல்லையா என்பதை இப்போது ஆரம்பிக்க வேண்டாம். எட்டாம் மாதம் பதின்மூன்றாம் நாள் பேரரசரின் பிறந்தநாள். அது முடிந்ததும் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று, கடிகாரத்தைப் பிறந்தநாள் காணிக்கையாக அனுப்பிய நம் ஊர்ச் சுங்க அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். வந்து பேசிக்கொள்ளலாம்.

வேலை விஷயம் ஒன்று. பயணத்துக்காக இயந்திரத்தை அசையாமல் பூட்டியிருந்த மூங்கில் குச்சிகளை எல்லாம் உருவிவிட்டேன். சிவப்பு நூல் கட்டிய பத்துக் குச்சி. மணி அடித்தால் பன்னிரண்டு தாமரையும் விரிகின்றன. கண்ணாடிக் குழாய்கள் சுழன்று தண்ணீர்போல் ஓடுகின்றன. நாரை மட்டும் குனியவில்லை. அதன் அலகிலிருந்து வாழ்த்துச் சுருள் இறங்கவில்லை. இந்த ஊர் இரவுக் குளிர் காரணமாக இருக்கலாம். நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

பத்துதானே?

குழந்தை ஆ-குவைக்கு என் முத்தம். பூனைக்கும் ஒரு சொல் சொல்.

குவோங் தாக்-சுன்


பெய்ஜிங்
நான்காம் மாதம், இருபத்தோராம் நாள்

ஸியூ-ஹாவுக்கு,

முதல் கடிதம் உன் கைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். இருப்புக் கொள்ளவில்லை.

குளிர் காரணமில்லை. இங்கே வசந்தமே முடிந்து வில்லோ மரமெல்லாம் அடர்ந்துவிட்டது. நாரை இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. கழுத்தைத் தொட்டால் உள்ளே ஏதோ பிடித்திருப்பது விரலுக்குத் தெரிகிறது. எங்கோ ஒரு குச்சி இருக்கிறது, ஸியூ-ஹா. பதினொன்றாவது. எனக்குத் தெரியாதது.

கட்டுகிறவர் ஒருவர், அவிழ்க்கிறவர் ஒருவர். எத்தனை குச்சி என்பது வாயிலிருந்து காதுக்குத்தான் போக வேண்டும், தாளில் எழுதக் கூடாது. வழிப்பறிக்காரன் கையில் கிடைத்தாலும் அவனுக்குக் கடிகாரம் ஓடக் கூடாது என்று நம் தெருப் பட்டறைகளில் எத்தனை தலைமுறையாகப் பழக்கம்! நீ கட்டினாய். நான் கேட்க வேண்டும். படகு ஏறும் காலையில் நீ வாசலில் நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இந்தத் தலைக்கனம் பிடித்த கழுதையை என்னவென்று திட்டுவாயோ திட்டு, ஆனால் சொல்லிவிடு.

இன்னொன்றும் செய்துவிட்டேன். பட்டறை அதிகாரி வந்து, “எங்கே, நாரைய ஓட்டிக் காட்டு பார்ப்போம்” என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: “ஐயா, அதோட முதல் வணக்கம் பேரரசருக்குத்தான். அதுக்கு முன்னால வேற யாருக்கும் குனியக் கூடாது. அது எங்க ஊர் முறை.” அப்படி ஒரு முறையும் கிடையாது என்று உனக்குத் தெரியும். அவர் தலையாட்டிவிட்டு, “சரி, ஆனா ஜாமீன் கையெழுத்து வேணும்” என்றார். என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஷென் போ-நியன் என்கிற சூசோ ஊர்க்காரர் கட்டை விரலை மையில் தோய்த்து ஊன்றிவிட்டார். அறுபத்து மூன்று வயது. ஓயாமல் இருமுகிறார். ஒரு குளிர்காலத்துக்கு என்று வந்தவராம், இருபத்திரண்டு வருடமாகிறது.

பிரித்துப் பார்க்கலாம் என்றால், சுருள்வில்லின் முறுக்கு முழுவதும் நாரையின் கழுத்தில் நிற்கிறது. தப்பான இடத்தில் கை வைத்தால் கழுத்து முறிந்துவிடும். அதனால் தொடாமல் வைத்திருக்கிறேன்.

உன் பதிலுக்காகச் சாகிறேன்.

தாக்-சுன்


குவாங்சோ
ஐந்தாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

அரண்மனையின் மகா கைவினைஞர் அவர்களுக்கு,

நீங்கள் நான்காம் மாதம் ஐந்தாம் நாள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. பூனைக்குப் படித்துக் காட்டினேன். அது காதைச் சொறிந்துகொண்டு போய்விட்டது.

நாரை குனியவில்லையா? ஐயோ பாவம். சுங்க அலுவலகத்து எழுத்தர் நம் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? நான் தேநீர்த் தட்டோடு கதவருகில் நிற்கிறேன். “இது முழுக்க என் கை வேலைங்க. எனாமல், சக்கரம், நாரை எல்லாம் நாந்தான். வீட்டுல பொம்பளைங்க தூசி தொடைப்பாங்க, அவ்வளவுதான்” என்றீர்கள். சூளை முன்னால் கண் எரிய எரிய ஏழு முறை சுட்டெடுத்த நீலம் அது. தங்கத் தாளில் வெட்டிய நட்சத்திரம் ஒவ்வொன்றையும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினேன். நாரையின் கழுத்துக்குள் விரல் போகாமல் நீங்கள் திண்டாடியபோது யார் விரல் உள்ளே போனது? தூசி துடைத்த விரலா?

நான் சண்டை போட்டது நீங்கள் வடக்கே போனதற்காக மட்டும் என்று நினைத்தீர்களா? அந்த ஒரு வார்த்தைக்காகவும்தான். பத்தொன்பது நாளில் ஒரு நாளாவது “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று சொல்வீர்கள் என்று பார்த்தேன். ஊஹும்.

முழுக்க உங்கள் கை வேலைதானே, கையையே கேட்டுக்கொள்ளுங்கள். வாழ்த்துச் சுருளின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிய கை இது. வாழ்த்தவும் எழுதும், திட்டவும் எழுதும்.

ஆ-குவைக்கு முன்பல் விழுந்துவிட்டது. கூரைமேல் எறிந்தோம். “அப்பா வந்ததும் புதுப் பல்லைக் காட்டுவேன்” என்கிறாள்.

தூசி துடைக்கிறவள்


குவாங்சோ
ஆறாம் மாதம், பத்தாம் நாள்

என் வீட்டுக்காரருக்கு,

இரண்டாவது கடிதம் இன்று காலை வந்தது. நான் போன மாதம் எழுதியது உங்கள் கைக்கு வந்திருந்தால் கிழித்து அடுப்பில் போடுங்கள். கோபத்தில் எழுதினேன். நீங்கள் இப்படி மாட்டிக்கொண்டிருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

பழக்கத்தை மீறி எழுதுகிறேன், நம் முன்னோர் மன்னிக்கட்டும். பதினொன்று.

அன்று சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. புத்தாண்டுக்கு முந்தின வாரம், கடைத் தெருவில் எங்கேயும் சிவப்பு நூல் இல்லை. நீல நூலால் கட்டினேன். நீல எனாமலுக்குள் நீல நூல், உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? நாரையின் இடது காலுக்குப் பின்னால் இருக்கும் தாமரை இலையின் அடியில் இருக்கிறது. பிரிக்கவே வேண்டாம். இந்தக் கடிதத்தோடு என் வெள்ளிக் கொண்டை ஊசியை வைத்திருக்கிறேன். அதன் வளைந்த நுனியை இலைக்கு அடியில் விட்டு, ஒரு விரல் அகலம் உங்கள் பக்கம் இழுத்து, பிறகு கீழே இறக்குங்கள். அவ்வளவுதான். குழந்தை செய்துவிடும்.

இப்போது இன்னொன்று. இதை எழுதலாமா என்று காலையிலிருந்து அடுப்படிக்கும் சூளைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். கடிதத்தை எடுத்துக்கொண்டு லாம் அண்ணியிடம் ஓடினேன். அவள் புருஷனும் ஒன்பது வருடம் முன்பு இதே மாதிரி ஒரு கோடைக்கு என்று போனவர்தானே! அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “அடி பைத்தியக்காரி, எங்க வீட்டுக்காரர் கொண்டுபோன கடிகாரம் அழகா ஓடிச்சு. அதனாலதான் அவரை விடல. ஃபூங் கொண்டுபோனது ஓடல. நாப்பது அடி அடிச்சுத் துரத்திட்டாங்க. அவன் இப்ப நொண்டிக்கிட்டு வாத்து முட்டை விக்கிறான், ஆனா தன் வீட்டுப் பாயில படுக்கிறான். நீயே பார்த்துக்க.”

நான் போய் ஃபூங்கிடமும் கேட்டேன். ஆமாம் என்றார். கெட்டிக்காரர்களை அங்கே வைத்துக்கொள்வார்களாம். கையாலாகாதவர்களைத்தான் அனுப்புவார்களாம்.

ஆகவே, குச்சியை உருவினால் காலமெல்லாம் அங்கேயே. உருவாவிட்டால் நாற்பது அடி, பிறகு வீடு. புருஷனுக்கு அடி விழட்டும் என்று ஒரு பெண்டாட்டி எழுதுவாளா? எழுதுகிறேன். எனக்கு நீங்கள் வேண்டும். நொண்டிக்கொண்டு வந்தாலும் வேண்டும். தைலம் போட்டு, கஞ்சி ஊட்டி, மறுபடி சண்டையும் போடுவேன். ஆனால் அது உங்கள் முதுகு, உங்கள் பெயர். முடிவு உங்களுடையது. எதைச் செய்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஸியூ-ஹா


பெய்ஜிங்
ஏழாம் மாதம், பதின்மூன்றாம் நாள்

ஸியூ-ஹாவுக்கு,

பூனைக்குப் படித்துக் காட்டியதாக எழுதிய உன் கடிதம் வந்தது. படித்தேன். நியாயம்தான்.

ஷென் என்ன ஏது என்று கேட்டார், படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். “பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கத் தெரியாதவனுக்கெல்லாம் எதுக்குடா கடிகாரம்?” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்.

அந்த எழுத்தர் முன்னால் நான் சொன்னது பொய். என் பெயர் மேலே போக வேண்டும் என்ற ஆசையில் சொன்னேன். உன் நீலம் இல்லாவிட்டால் அது வெறும் பித்தளைப் பெட்டி. இதை அன்றே, அந்தக் கதவருகிலேயே சொல்லியிருக்க வேண்டும். இப்போது இரண்டு மாத வழி தள்ளி நின்று சொல்கிறேன். மன்னித்துவிடு.

இன்னும் முப்பது நாள். உன்னிடமிருந்து வேறு கடிதம் வருமா என்று நம் ஊர்ச் சங்க விடுதிக்குத் தினமும் போய் நிற்கிறேன். என்னைக் கண்டாலே கதவுக்காரன், “இல்லப்பா, இல்ல” என்று கையை ஆட்டுகிறான். மாத முடிவுக்குள் எதுவும் வராவிட்டால் நாரையின் காலை அறுத்து உள்ளே பார்க்கப் போகிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கழுத்து முறிந்தால் முறியட்டும், என்னுடையதும் சேர்ந்து.

ஆ-குவையின் புதுப் பல்லை எனக்காக ஒரு முறை பார்த்துவை.

தாக்-சுன்


பெய்ஜிங்
ஏழாம் மாதம், இருபத்தெட்டாம் நாள்

என் ஸியூ-ஹா,

வந்துவிட்டது! கதவுக்காரன் தெருமுனையிலேயே கையில் வைத்து ஆட்டினான். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து படித்தேன். ஊசியை முகர்ந்து பார்த்தேன், உன் தலை எண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது. அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பட்டறைக்குப் போய் இலைக்கு அடியில் ஊசி நுனியை விட்டுப் பார்த்தேன். இருக்கிறது. நீ சொன்ன இடத்திலேயே. ஒரு விரல் அகலம் இழுத்தால் போதும்.

இழுக்கவில்லை.

லாம் அண்ணியின் புருஷனை நான் இங்கே பார்த்தேன். முதல் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது. அண்ணியைப் பற்றிச் சொன்னேன். யாரோ அயலாரைப் பற்றிக் கேட்பதுபோல், “அப்படியா, நல்லா இருக்காளா?” என்று கேட்டுவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார். நான் அப்படி ஆக மாட்டேன்.

நாற்பது அடிதானே, தாங்கிக்கொள்கிறேன். நாரை குனியாது. தெற்கத்தியான் மட்டமானவன், துரத்துங்கள் என்பார்கள். பேர் கெடும், கெடட்டும். இந்தப் பேருக்காகத்தானே உன்னைத் தூசி துடைக்கிறவள் ஆக்கினேன். பத்தாம் மாதம் முடிவதற்குள் படகில் குப்புறப் படுத்துக்கொண்டாவது வந்துவிடுவேன். ஃபூங்கிடம் சொல்லிவை, வாத்து முட்டைக்குப் பங்காளி வருகிறான் என்று. தைலம் காய்ச்சி வை.

உன் தாக்-சுன்


பெய்ஜிங்
எட்டாம் மாதம், பதினாறாம் நாள்

ஸியூ-ஹா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் நாள் காலை, கடிகாரத்தை உள்ளே தூக்கிப் போவதற்கு முன், வெளிமுற்றத்தில் அதிகாரி நிறுத்தச் சொன்னார். “உன் ஊர் முறையெல்லாம் அப்புறம். நான் பார்க்காம எதுவும் உள்ளே போகாது. ஓட்டு” என்றார். ஓட்டினேன். தாமரை விரிந்தது. தண்ணீர் ஓடியது. நாரை நின்றது. நான் மண்டியிட்டு, “என் கை மட்டம், அடிங்க ஐயா” என்றேன். அவ்வளவு எளிதாக வீட்டுக்கு வந்துவிடலாம் என்று அந்த நேரம் நினைத்தேன்.

அதிகாரி, “ஜாமீன் கொடுத்தவன முதல்ல படுக்க வை” என்றார்.

எனக்குத் தெரியாது. ஜாமீன் என்பது வெறும் தாள் என்று நினைத்திருந்தேன். இங்கே முதல் நாற்பது ஜாமீன்காரனுக்கு, அடுத்த நாற்பதுதான் எனக்கு. ஷென்னுக்கு அது தெரியும். தெரிந்துதான் விரல் வைத்திருக்கிறார். நான் எதற்காகக் குச்சியை உருவவில்லை என்பதும் அவருக்குத் தெரியும், நானே சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை எதிர்ப்புச் சொல்லவில்லை. பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, “வாயைத் தொறக்காதடா. எனக்கு முதுகுல சதையே கிடையாது, மூங்கிலுக்குத்தான் வலிக்கும்” என்றார்.

மூன்று அடி விழுந்தது. மூன்றாவதில் வாயிலிருந்து ரத்தம் வந்தது. பத்து தாங்க மாட்டார், ஸியூ-ஹா. உன் ஊசியை எடுத்தேன். ஒரு விரல் அகலம் என் பக்கம், பிறகு கீழே.

நாரை குனிந்தது. நம் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோதுகூட அத்தனை மெதுவாக, அத்தனை அழகாகக் குனியவில்லை. சுருள் இறங்கியது. ஷென்மேல் ஓங்கிய மூங்கில் நின்றுவிட்டது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஷென் ரத்தத்தோடு கிடக்கிறார், என் பாவி மனசு நாரையைப் பார்த்துப் பூரித்தது.

மதியமே உத்தரவு வந்துவிட்டது. பரிசாக இரண்டு சுருள் சாட்டின் பட்டு, கூடவே ஆயுள் முழுக்க இந்தப் பட்டறையில் ஒரு மேசை. ஷென்னின் மேசைக்கு எதிர் மேசை. அவர் பிழைத்துக்கொண்டார். குப்புறப் படுத்தபடி என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார்.

அந்தக் கடிகாரத்தின் ஜோடி நம் பட்டறையில் இருக்கிறதல்லவா? அடுத்த பிறந்தநாளுக்குள் அதையும் அனுப்ப வேண்டும் என்று சுங்க அலுவலகத்துக்குத் தாக்கீது போகிறது. நீதான் கட்டுவாய். யார் கொண்டுவருகிறார்களோ அவர்களிடம் எண்ணிக்கையைச் சொல்லி அனுப்பு.

எனக்காகக் காத்திருக்காதே. லாம் அண்ணியைப்போல் நீயும் ஒன்பது வருடம் படகுத்துறையைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தால் நெஞ்சு வெடிக்கிறது. ஆ-குவையிடம் ஏதாவது சொல்லிக்கொள். காத்திருக்காதே.

தாக்-சுன்


குவாங்சோ
பதினொன்றாம் மாதம், இருபதாம் நாள்

என் வீட்டுக்காரருக்கு,

காத்திருக்காதே என்று எழுதியிருந்தீர்கள். காத்திருக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. லாம் அண்ணி வந்து கஞ்சி வைத்தாள். குறை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் சுவரைப் பார்த்து அழுதேன். ஒன்று சொல்கிறேன். அந்தக் கிழவரை அடிக்க விட்டுவிட்டு நீங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தால், தைலம் போட்டிருப்பேன், ஆனால் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்.

நான்காம் நாள் எழுந்து ஜோடிக் கடிகாரத்தைக் கட்டினேன். கட்டி முடித்துச் சுங்க அலுவலகத்துக்குப் போனேன். அதே எழுத்தர்தான். “என்னம்மா, தூசி தொடைக்க வந்தியா?” என்றார்.

“ஆமாங்க. தொடைக்கிறவதான் கட்டிட்டு வந்திருக்கேன்.”

“எத்தனை குச்சின்னு எழுதிக் கொடுத்துட்டுப் போ.”

“போன தடவை எழுதித்தான் அனுப்பினேன். போய்ச் சேர ஒன்றரை மாசத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள நீங்க அனுப்பின கடிகாரம் அரண்மனையில ஊமையா நின்னுச்சு. இந்தத் தடவையும் நிக்கட்டுமா?”

அவருக்கு முகம் செத்துவிட்டது. அனுப்பிய அலுவலகத்துக்கும் அடி உண்டு என்று அவருக்கும் தெரியும். பிறகு மேசையைத் தட்டிக் கத்தினார். “மூங்கிலால நாலு வெச்சா தானா சொல்லுவ!”

“வைங்க. எனக்கு மயக்கம் வந்துடும். எண்ணிக்கையும் என்னோட சேர்ந்து மயங்கிடும். கட்டினவ வாயிலேருந்து அவுக்கிறவர் காதுக்கு. அதுதான் எங்க தெரு முறை. அவுக்கிறவர் பெய்ஜிங்ல இருக்கார். அப்ப வாய் எங்க போகணும்?”

உள்ளே போய் யார் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. படகில் இரண்டு பேருக்கு இடம் எழுதிக் கொடுத்தார், எனக்கும் ஆ-குவைக்கும். புத்தாண்டு முடிந்து எட்டாம் நாள் புறப்படுகிறோம்.

வடக்கே போகிற கெட்டிக்காரர்கள் திரும்புவதில்லை. தெரியும். இந்தச் சூளையில் இனி நான் நெருப்பு மூட்டப் போவதில்லை. அம்மா கல்லறையில் புல்லை வெட்டிவிட்டு, இனி வர மாட்டேன் என்று சொல்லி அழுதுவிட்டு வந்தேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கணவாயைக் கடந்தால் பனி பெய்யுமாமே, அதை நான் பார்த்ததேயில்லை. ஆ-குவைக்கு இரண்டு பஞ்சுச் சட்டை தைத்திருக்கிறேன். ஷென் ஐயாவின் இருமலுக்கு மூன்று வருடம் காய்ந்த ஆரஞ்சுத் தோல் கொண்டுவருகிறேன். அதுவரை அவர் இருமிக்கொண்டாவது இருக்கட்டும், போய்விடக் கூடாது.

என் கொண்டை ஊசியைப் பத்திரமாக வைத்திருங்கள், வேண்டியிருக்கும்.

பூனையை லாம் அண்ணியிடம் விட்டுவிட்டேன். நமக்குள் தூது போக அது இனி வேண்டாம். எத்தனை குச்சி, என்ன நிற நூல், எங்கே கட்டினேன் என்பதையெல்லாம் இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். நேரில் வந்து உங்கள் காதில் சொல்கிறேன்.

ஸியூ-ஹா